ஏன் எல்லாக் கல்லும் ஒரே அளவு? போர்க் கல்லறைகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகியிருக்கும்: பூதவுடல் தகனக் கிரியைக்காகப் பொரளை கனத்தைக்கு எடுத்துச் செல்லப்படும். எங்கள் பெரியம்மாவும் அந்த வரியோடுதான் போனார். கிரியை முடிந்து வேனுக்காகக் காத்து நின்றபோது அக்காவின் மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். பன்னிரண்டு வயது. செத்தவீட்டில் அழவும் தெரியாமல் விளையாடவும் முடியாமல் அலைகிற வயது.

"மாமா, அந்தக் கல்லுகள் மட்டும் ஏன் எல்லாம் ஒரே அளவு? ஆர் அவை?"

கனத்தை மயானத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் அவரவர் வசதி தெரியும். பளிங்குத் தேவதைகள், கறுத்துப்போன சிலுவைகள், இரும்புக் கம்பி வேலி, குடும்பப் பெயர் பொறித்த மண்டபம், அதன் காலடியில் சீமெந்துக்கும் வழியில்லாத ஒரு மண்மேடு. இவற்றுக்கு நடுவே சில கற்கள் மட்டும் பள்ளிக்கூடச் சீருடை போட்டதுபோல நின்றன. "வெள்ளைக்காரன்ர காலத்து ஆமிக்காரர்" என்றேன். சாமர்த்தியமான பதில் என்று நினைத்தேன். அவன் விடவில்லை. "இஞ்ச ஏன் வந்து செத்தவை? பிறகு ஏன் ஊருக்குக் கொண்டுபோகேல்லை?"

வேன் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று கேள்விகளும் கூடவே ஏறிக்கொண்டன. போர்க் கல்லறை என்றால் என்ன என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு அந்த மூன்றும் போதும் என்று இப்போது தோன்றுகிறது. அவன் கேட்ட ஒழுங்கில் போகாமல், இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

சண்டையே நடக்காத ஊரில்

போர்க் கல்லறை என்றதும் போர்க்களம் நினைவுக்கு வருவது இயல்பு. கொழும்பில் உலகப் போர்க் காலத்தில் தரைச் சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்படியிருக்க, பொரளை கனத்தையிலும், ஜாவத்தையில் உள்ள லிவரமெந்து மயானத்திலும், கண்டியிலும், திருகோணமலை உப்புவெளியிலும் இந்தக் கற்கள் எப்படி வந்தன?

இங்கேதான் ஒரு சிறிய வரைவிலக்கணம் தேவை. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு என்று ஓர் அமைப்பு உண்டு. பிரித்தானியப் பேரரசின் படைகளில் இருந்து இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவை 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பராமரிப்பது அதன் வேலை. அதன் கணக்கில் ஒருவர் "போரில் இறந்தவர்" ஆவதற்குக் குண்டடி படவேண்டியதில்லை. அவர் படைச் சேவையில் இருந்திருக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் இறந்திருக்க வேண்டும். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாவதற்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. சேவையில் இருக்கும்போது மலேரியாவில் செத்தாலும், லொறி கவிழ்ந்து செத்தாலும், முகாமுக்குப் பக்கத்துக் கடலில் குளிக்கப்போய் மூழ்கினாலும் கல் ஒன்றுதான்.

திகதிகளைக் கவனித்தீர்களா? இரண்டாம் போர் 1945இல் முடிந்துவிட்டது. கணக்கு 1947 முடியும்வரை ஓடுகிறது. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் காயங்கள் ஓய்வதில்லை. ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் காய்ச்சலில் போனார்கள்.

கொழும்பு துறைமுகம். சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் ஜப்பானிடம் விழுந்த பிறகு இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சிய முக்கியமான பிடிமானங்களில் ஒன்று இலங்கை. கப்பல்கள், விமானத் தளங்கள், வைத்தியசாலைகள், களஞ்சியங்கள் என்று தீவு முழுக்கப் படையாட்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேல் வந்து கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. அங்கொடை மனநோய் வைத்தியசாலை மேலும் குண்டு விழுந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அதற்குள் எத்தனையோ பேர் வந்த இடத்திலேயே மண்ணாகிவிட்டார்கள். 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் அதன் தளபதி மவுண்ட்பேட்டனோடு கண்டிக்கு வந்தது. கண்டிப் போர் மயானத்தில் இருப்பவை சுமார் 200 கல்லறைகள்தான். தலைமையகம் இருந்த ஊரில் செத்தவர்கள் பெரும்பாலும் போர்முனையில் செத்திருக்க மாட்டார்கள் என்பது ஊகிக்கக்கூடியதே.

ஆக, பிள்ளையின் கேள்விக்கு நேரான பதில்: அவர்கள் இங்கே சண்டைக்கு நடுவே செத்தவர்கள் மட்டும் அல்ல. சண்டைக்குப் போகும் வழியிலும், சண்டையிலிருந்து திரும்பும் வழியிலும், சண்டைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மேசையிலும் செத்தவர்கள்.

ஊருக்கு ஏன் கொண்டுபோகவில்லை?

இதற்கு விடை சொல்ல 1915க்குப் போகவேண்டும். அந்த ஏப்ரலில் பிரான்ஸில் ஓர் இளம் அதிகாரி சுடப்பட்டு இறந்தார். பிரித்தானியப் பிரதமராக நான்கு தடவை இருந்த கிளாட்ஸ்டனின் பேரன். அவருடைய உடலை மட்டும் விசேட அனுமதி எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து குடும்ப மண்ணில் அடக்கினார்கள். பக்கத்தில் விழுந்த மற்றப் பிள்ளைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். பெரிய இடத்துப் பிள்ளைக்கு ஒரு நீதி, கூலிக்காரன் பிள்ளைக்கு ஒரு நீதியா என்ற முணுமுணுப்பு எழும் முன்னரே படைத்தரப்பு கதவை மூடிவிட்டது. இனி எவருடைய உடலும் தாய்நாட்டுக்கு எடுக்கப்படாது.

இந்த முடிவுக்குப் பின்னால் நின்றவர் ஃபேபியன் வெயார். வயது கூடிவிட்டதென்று படையில் சேர்க்காமல் விட்ட மனிதர். செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகன அணி ஒன்றை நடத்தப் பிரான்ஸுக்குப் போனார். போன இடத்தில் புதைகுழிகளை யாருமே பதிந்து வைப்பதில்லை என்று கண்டார். மரத்துண்டில் பென்சிலால் எழுதிய பெயர் ஒரு மழையோடு போய்விடும். அவரும் அவருடைய ஆட்களும் எழுதத் தொடங்கினார்கள்: யார், எங்கே, எந்த வரிசை. அந்தக் குறிப்பேடுகளிலிருந்துதான் 1917 மே 21இல் அரச பட்டயத்தோடு ஆணைக்குழு பிறந்தது. அப்போது பெயரில் "ஏகாதிபத்திய" என்றிருந்தது. "பொதுநலவாய" என்று மாறியது 1960இல்.

அதற்குக் கொள்கை எழுதிக் கொடுத்தவர் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஃபிரெடெரிக் கென்யன். 1918இல் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம் எளிது. இறந்த ஒவ்வொருவரின் பெயரும் தனியாகப் பொறிக்கப்படும். கல் நிரந்தரமானது. எல்லாக் கல்லும் ஒரே அளவு, ஒரே வடிவம். பதவி, இனம், மதம் பார்த்து வேறுபாடு கிடையாது. தளபதியும் சமையல்காரரும் ஒரே வரிசை.

இன்று கேட்க இது அழகாக இருக்கிறது. அன்று பெற்றோர் கொதித்தார்கள். மூன்று மகன்களைப் போரில் இழந்த ஃபுளோரன்ஸ் செசில் சீமாட்டி 1919இல் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு மனுக் கொடுத்தார்: பிள்ளையின் தலைமாட்டில் ஒரு சிலுவையாவது வைக்க விடுங்கள், எல்லாருக்கும் ஒரே கல் என்று அடுக்காதீர்கள். 1920 மே 4இல் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஆணைக்குழு விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. பிள்ளையைக் கொண்டுவர விடாமல் தடுத்தார்கள்; அவன் கல்லைத் தெரிவு செய்யும் உரிமையையும் எடுத்தார்கள். ஆனால் விட்டிருந்தால் இன்று கனத்தையில் எதைப் பார்க்கிறோமோ அதையே அங்கும் பார்த்திருப்போம்: பணக்காரனுக்குத் தேவதை, ஏழைக்கு மண்மேடு.

அமெரிக்கர் வேறு வழி பிடித்தார்கள். முதல் போருக்குப் பிறகு குடும்பத்தைக் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். பிரித்தானியரும் 1982இல் போக்லாந்துப் போருக்குப் பிறகு குடும்பத்துக்குத் தெரிவு கொடுத்தார்கள். அதற்கிடைப்பட்ட தலைமுறைகளின் தாய்மாருக்குக் கிடைத்தது ஒரு கடிதமும், சிலருக்கு ஒரு புகைப்படமும்.

இதை இங்கே நீட்டி விளக்கத் தேவையில்லை. எங்கள் குடும்பங்களின் பாதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் கிடக்கிறது. அங்கே ஒருவர் போனால் நாங்கள் வெள்ளவத்தையில் கைத்தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நேரலையில் கிரியை பார்க்கிறோம். பூப் போடவேண்டிய நேரத்தில் கை சும்மா இருக்கும். 1942இல் ஸ்கொட்லாந்தில் இருந்த ஒரு தாய்க்கு அந்தத் திரையும் இல்லை. கொழும்பு என்ற சொல்லை வரைபடத்தில் தேடியிருப்பாள்.

கல்லை வாசிப்பது

பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் கழிந்ததும் ஒரு சனிக்கிழமை அவனை ஜாவத்தைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளவத்தையிலிருந்து தூரமில்லை. லிவரமெந்து என்ற பெயர் போர்த்துக்கேயச் சாயலுள்ளது. உள்ளே போனதும் வெளியே முச்சக்கரவண்டிகளின் இரைச்சல் ஒரு படி குறைந்தது.

அவனுக்குக் கல்லை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இது ஒரு படிவம்போல. ஒருமுறை பழகினால் உலகில் எந்த நாட்டிலும் வாசிக்கலாம். தலைப்பில் படையணியின் சின்னம். கடற்படை என்றால் நங்கூரம். கீழே சேவை இலக்கம், பதவி, பெயர், படையணி, இறந்த திகதி, வயது. நடுவில் மதக்குறி. கிறிஸ்தவருக்குச் சிலுவை, யூதருக்குத் தாவீதின் நட்சத்திரம், முஸ்லிம்களுக்கு அரபு வாசகம், சீக்கியருக்குக் குர்முகி, இந்துக்களுக்குத் தேவநாகரியில் ஓம். நிற்கும் கல்லின் வழமையான அளவு உயரம் 81 சென்ரிமீற்றர், அகலம் 38. வெப்ப நாடுகளில் பல மயானங்களில் நிற்கும் கல்லுக்குப் பதில் தாழ்வான சரிந்த பீடத்தில் வெண்கலத் தகடு வைத்திருப்பார்கள். இந்தியாவின் கொஹிமாவிலும் தாய்லாந்துக் காஞ்சனபுரியிலும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் சில கற்களில் ஒரு வரி இருக்கும். அது மட்டும்தான் குடும்பத்தினுடையது. முதல் போர்க் கற்களுக்கு 66 எழுத்துவரை அனுமதித்தார்கள், இடைவெளியும் சேர்த்து. எழுத்தொன்றுக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள். மரண அறிவித்தலுக்கு அங்குல அளவில் காசு கட்டி, எந்தச் சொல்லை வெட்டலாம் என்று நடு இரவில் யோசித்தவர்களுக்கு அந்தத் தாய் தகப்பனின் நிலை புரியும். நியூசிலாந்து அரசு சமத்துவத்தை ஒரு படி இறுக்கிப் பிடித்தது: எவருக்குமே குடும்ப வரி வேண்டாம் என்றுவிட்டது. அதனால் நியூசிலாந்து வீரரின் கல்லடி வெறுமையாகவே இருக்கும். மற்றக் கற்களில் வெறுமையாக இருந்தால் குடும்பம் எழுதவில்லை, அல்லது கடிதம் போய்ச் சேரவில்லை.

பெயரே தெரியாத கற்களும் உண்டு. போரில் இறந்த ஒரு வீரர், "கடவுள் அறிவார்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியைக் கொடுத்தவர் எழுத்தாளர் கிப்ளிங். பார்வைக் குறைபாட்டுக்காக ஒதுக்கப்பட்ட மகனைச் சிபாரிசு பிடித்துப் படையில் சேர்த்தவர் அவர். மகன் 1915இல் பதினெட்டு வயதில் காணாமல் போனான். கிப்ளிங் உயிரோடு இருக்கும்வரை அவன் உடல் அடையாளம் காணப்படவில்லை. அந்த மூன்று சொற்களை அவர் எந்த மனநிலையில் எழுதியிருப்பார் என்று நினைத்தால் ஏகாதிபத்தியப் புலவர் மீதுள்ள என் கோபம் கொஞ்சம் தளர்கிறது. கொஞ்சம்தான்.

நடுகல் தெரிந்த எங்களுக்கு இந்தக் கற்கள் புதிதல்ல என்று சிலர் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். சங்கப் பாடல் நடுகல்லைப் பற்றிச் சொல்லும்போது "பெயரும் பீடும் எழுதி" என்கிறது. பெயரோடு பீடு, அதாவது அவன் செய்த வீரம். ஆநிரை மீட்டான், அஞ்சாமல் நின்றான், அதனால் கல். போர்க் கல்லறையில் பெயர் உண்டு, பீடு இல்லை. எத்தனை பேரைக் கொன்றார், எப்படிச் செத்தார், ஓடினாரா நின்றாரா, ஒரு சொல் கிடையாது. பிரித்தானியாவின் உச்ச வீரப் பதக்கமான விக்ரோரியா சிலுவை பெற்றவருக்கு அந்தப் பதக்கத்தின் உருவைக் கல்லில் பொறிப்பார்கள். மற்றபடி காய்ச்சலில் போன எழுதுவினைஞரும் கடைசித் தோட்டாவரை நின்றவரும் ஒரே கல்லின் கீழ். நடுகல் வீரத்துக்கு வைப்பது. இது ஆளுக்கு வைப்பது. எனக்கு இந்த வேறுபாடு தெரிந்த பிறகுதான் போர் மயானத்தில் நிற்கக் கூச்சம் விட்டது. அதுவரை யாருடைய வெற்றிக்கோ கைதட்டப் போனவன்போல உணர்ந்திருக்கிறேன்.

கல்லே இல்லாதவர்கள்

"உடம்பு கிடைக்காட்டி?" என்று கேட்டான். கேட்பான் என்று தெரியும்.

1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் போனார்கள். அதற்கு நான்கு நாள் முன்னர் கோர்ன்வோல், டோர்செற்சயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் இலங்கைக்குத் தென்மேற்கே மூழ்கி 424 பேர். கடலில் கல் நட முடியாது. இப்படி உடல் கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தும் அடையாளம் தெரியாதவர்களுக்கும் நினைவு மதில்கள் உண்டு. பிரித்தானியக் கடற்படையினர் என்றால் அவர்களுடைய தாய்த் துறைமுகமான பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் ஆகிய மூன்றில் ஒன்றில் பெயர் இருக்கும். உடல் எங்கள் கடலில், பெயர் அவர்கள் கரையில். பெல்ஜியத்தில் மெனின் வாயிலில் 54,000க்கு மேற்பட்ட பெயர்கள். அங்கே ஒவ்வொரு மாலையும் எட்டு மணிக்கு வீதியை மறித்து எக்காளம் ஊதுகிறார்கள். 1928இலிருந்து ஊதுகிறார்கள், இரண்டாம் போரில் ஜேர்மானியர் பிடித்துவைத்திருந்த காலம் மட்டும் நின்றது.

இந்துக்களும் சீக்கியர்களும் இன்னொரு கணக்கு. தகனம் செய்தால் கல்லறை இல்லை. ஆகவே அவர்கள் பெயரும் மதிலில்தான் வரும். பிரான்ஸில் நவ் சப்பேலில் 1927இல் திறந்த இந்திய நினைவகத்தில் 4,700க்கு மேற்பட்ட பெயர்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு மேலே குன்றில், காயப்பட்டு வந்து இறந்த இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடத்தில் சத்திரி என்கிற வெண்பளிங்குக் குடை மண்டபம் ஒன்று நிற்கிறது. 1921இல் கட்டியது. அங்கே தகனமான 53 பேரின் பெயரைப் பொறித்த கல் வந்தது 2010இல்தான்.

வெறுமையான கல்லறை என்றும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் செனோடாப் என்கிற சொல் கிரேக்கம். வெற்றுக் கல்லறை என்றுதான் அர்த்தம். கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் நிற்கும் தூண் அந்த வகை. லண்டன் செனோடாப்பை வடிவமைத்த லட்யன்ஸின் வடிவமைப்பு. முதலில் காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் போர்க் காலத்தில் கடலிலிருந்து குறிபார்க்க எதிரிக்கு அது அடையாளமாகிவிடும் என்று பயந்து கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். செத்தவர்களின் நினைவுத் தூணும் ஒருமுறை இடம்பெயர்ந்திருக்கிறது.

ஒரே அளவு என்ற பேச்சும் அதன் ஓட்டையும்

இதுவரை சொன்னதைக் கேட்டு ஆணைக்குழு மீது உங்களுக்கு மதிப்பு வந்திருந்தால், அதைக் கொஞ்சம் கிள்ள வேண்டியிருக்கிறது.

இனம், மதம் பார்க்கமாட்டோம் என்ற உறுதி ஐரோப்பாவில் பெருமளவு நிறைவேறியது. ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் தடுமாறியது. ஈராக்கில் பஸ்ரா நினைவகம் 1929இல் திறக்கப்பட்டபோது பிரித்தானியச் சிப்பாய்களின் பெயர் ஒவ்வொன்றாக இருந்தது. இந்திய அதிகாரிகளின் பெயர் இருந்தது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் இருந்தார்கள். இன்னாருடன் மேலும் இத்தனை பேர் என்று. கிழக்கு ஆபிரிக்காவில் சுமை தூக்கிச் செத்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையும் சரியாக இல்லை. உள்ளூர்க்காரருக்குக் கல்லின் அருமை விளங்காது என்று 1920களில் ஓர் ஆளுநரே சொன்னார்.

ஆணைக்குழு அமைத்த விசேட குழுவே 2021இல் இதை ஒப்புக்கொண்டது. முதல் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரே பொறிக்கப்படாமல் அல்லது எந்த நினைவும் இல்லாமல் விடப்பட்டார்கள். பெரும்பாலும் ஆபிரிக்கரும் மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்களும். ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் பிந்திய மன்னிப்பு, ஆனாலும் கேட்டது.

எங்கள் ஆட்களுக்கு இதைவிட நெருக்கமான கதை ஒன்று உண்டு. சயாம் மரண ரயில் பாதை. 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் பாதை போட்டார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் செத்தார்கள். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறை உண்டு; புல் வெட்டிப் பூ நட்டு வைத்திருக்கிறார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளரும், பர்மியரும், ஜாவாக்காரரும், மலாயரும் அதைப்போல் பல மடங்கு செத்தார்கள். கொலராவில் ஒரு முகாமே காலியானதுண்டு. அவர்களுக்குப் படைச் சேவை இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாதவர்களுக்குப் பேரேட்டில் வரியும் இல்லை, கல்லும் இல்லை. போர்க் கல்லறை என்ற ஏற்பாட்டின் எல்லை அங்கே முடிகிறது: அது படையாட்களுக்கானது. அவர்களோடு சேர்ந்து செத்த கூலிகள் அதன் வேலிக்கு வெளியே.

இலங்கையிலும் இந்த உரசல் இருந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 11இல் பொப்பிப் பூ விற்பார்கள், இல்லையா? முதல் போர் 1918இல் அந்த நாளில், பதினோராம் மணிக்கு ஓய்ந்ததன் நினைவு. பிரான்ஸின் குண்டு விழுந்து கிளறிய மண்ணில் முதலில் பூத்த செந்நிறப் பூ அது. 1930களின் தொடக்கத்தில் இலங்கை முன்னாள் படைவீரர் ஏலியன் பெரேரா ஒரு கேள்வி கேட்டார்: இங்கே சேரும் பணத்தில் பெரும்பங்கு ஏன் பிரித்தானியாவுக்குப் போகிறது, இங்குள்ள ஊனமுற்ற வீரருக்கு என்ன கிடைக்கிறது? பொப்பிக்குப் போட்டியாக அதே நாளில் சூரியமல் விற்கத் தொடங்கினார்கள். சூரியமல் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் பூவரசம்பூ. பீப்பி ஊத இலையும் வேலிக்குக் கதியாலும் தரும் அதே பூவரசு. 1933இலிருந்து அது இடதுசாரி இளைஞர்களின் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமானது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் அதே ஆட்கள் கிராமம் கிராமமாக மருந்து கொண்டுபோனார்கள். யாரை நினைப்பது, யார் காசில் நினைப்பது என்ற சண்டை ஒரு பூவுக்குள்ளேயே நடந்த ஊர் இது.

இன்னொன்றையும் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. வடக்கு கிழக்கில் புலி வீரர்களின் மயானங்களான துயிலும் இல்லங்களைப் போருக்குப் பின் இடித்துத் தரைமட்டமாக்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். தோற்றவர், வென்றவர், அந்நியர் என்று பாராமல் ஒரு கல்லை எண்பது வருடம் விட்டுவைப்பது தானாக நடக்கிற காரியம் அல்ல. யாரோ அப்படித் தீர்மானித்துத் தொடர்ந்து செய்யவேண்டும். உப்புவெளி மயானத்தில் கல்லைச் சுற்றிப் புல் வெட்டுகிற கை உள்ளூர்க் கைதான். அதற்கான காசு ஆறு அரசுகளிடமிருந்து வருகிறது: பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா. அவரவர் கல்லறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு.

போய்ப் பார்ப்பதென்றால்

பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டாம். குறித்த ஒருவரைத் தேடினால் ஆணைக்குழுவின் இணையப் பதிவேட்டில் பெயரைக் கொடுத்தால் மயானம், வரிசை, கல் எண் வரும். கையோடு பூ கொண்டுபோகலாம். கல்லில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பு பூசுவது, உரஞ்சுவது எல்லாம் வேண்டாம், கல் தேய்ந்துவிடும். நவம்பர் 11 காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம் உலகெங்கும் வழக்கம். முதன்முதலில் 1919இல் கடைப்பிடித்தார்கள். அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தவரும் ஏப்ரல் 25 விடியலில் கூடுவார்கள். இந்த நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சாதாரண சனிக்கிழமை நல்லது. ஆளில்லை.

மருமகன் ஒவ்வொரு கல்லிலும் வயதை மட்டும் வாசித்துக்கொண்டு போனான். இருபத்திரண்டு. முப்பத்தொன்று. பத்தொன்பது. பத்தொன்பதில் நின்றான். "எங்கட அண்ணாவுக்கும் பத்தொன்பதுதானே" என்றான். அண்ணன் மெல்பேர்னில் படிக்கிறான். பிறகு குனிந்து அடியில் பார்த்தான். "இவருக்கு ஏன் கீழ ஒண்டும் எழுதேல்லை?" குடும்பம் எழுதாமல் விட்டிருக்கலாம், கடிதம் போகாமல் இருந்திருக்கலாம் என்று முன்பு சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான். கையில் இருந்த கொய்யாப்பழத்தை வைக்கலாமா என்று கேட்டான். காகம் கொத்தும், வேண்டாம் என்றேன். சட்டைப்பையிலிருந்து பஸ் ரிக்கற்றை எடுத்து நாலாக மடித்து, பறக்காமல் ஒரு சின்னக் கல்லை மேலே வைத்து விட்டு வந்தான். போகும் வழியில் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வீட்டு வாசலில் அக்கா எங்களை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மயானத்துக்குப் போட்டு அப்பிடியே உள்ள வாறியளோ? நேர பாத்ரூமுக்குப் போங்கோ. முழுகிப்போட்டுத்தான் சாப்பாடு."

"அம்மா, அவை செத்து எண்பது வருசம். எங்கட சொந்தமும் இல்லை."

அக்கா அதைக் காதில் போட்டதாகவே தெரியவில்லை. துவாயை எடுத்து அவன் தோளில் போட்டாள். எனக்கும் ஒன்று.